மலை மறைவு எந்தப் பக்கம்? வெப்பமண்டலத் தீவில் காற்று நடந்துகொள்ளும் விதம்

"கிழக்கிலிருந்து மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் காற்று வீசும்" என்று வானிலை அறிக்கை ஒரு தீவைப் பற்றி ஒரே வரியில் முடித்துவிடும். சமதரைக்கு அது போதும். நடுவில் மலை எழுந்து நிற்கும் வெப்பமண்டலத் தீவுக்கு அந்த ஒரு வரி போதவே போதாது. அதே வேளையில் தீவின் கிழக்குக் கரையில் தென்னை ஓலைகள் எல்லாம் ஒரே பக்கமாகப் பறந்துகொண்டிருக்கும். மேற்குக் கரையில் கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் அலையில்லாமல் கிடக்கும். வட முனையில் நிற்பவருக்குக் காலூன்றி நிற்பதே பாடாக இருக்கும். மேற்குச் சரிவில் பாதி உயரத்தில் வீடு வைத்திருப்பவருக்கோ காற்று எதிர்த்திசையில், கடலிலிருந்து மலையை நோக்கி வரும். நால்வரில் யாரும் பொய் சொல்லவில்லை, அறிக்கையிலும் பிழையில்லை.

இந்த வேறுபாட்டை உண்டாக்குபவை மூன்று: தொலைவிலிருந்து வரும் பெருங்காற்று, அதன் குறுக்கே நிற்கும் மலை, நாள்தோறும் நிலத்தையும் கடலையும் வெவ்வேறு அளவில் சூடாக்கும் வெயில். புயல் வரும்போது இந்த மூன்றின் பங்கும் தலைகீழாகிறது. அப்போது, ஆண்டில் பெரும்பகுதி மலைமறைவில் அமைதியாக இருந்த ஊரே அடி வாங்கும் முதல் ஊராகிவிடலாம். இந்தக் கட்டுரையில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான்: "மறைவு" என்பது ஓர் இடத்தின் பெயரல்ல, அது ஒரு திசையைப் பொறுத்த விஷயம். திசை மாறினால் மறைவும் மாறும்.

வெயில் மட்டும் வீசவைக்கும் காற்று

முதலில் பெருங்காற்றே இல்லாத ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். அன்றைக்கும் தீவில் காற்று இருக்கும்.

ஒரு கிலோ நீரைச் சூடாக்க, ஒரு கிலோ உலர்ந்த மண்ணைச் சூடாக்குவதைப்போல் நான்கைந்து மடங்கு வெப்பம் வேண்டும். போதாததற்கு, கடலில் விழும் வெயில் ஆழத்துக்கு இறங்குகிறது, அலைகள் அதை இன்னும் கீழே கலந்துவிடுகின்றன. நிலத்திலோ வெயில் மேல்தோலிலேயே தங்கிவிடுகிறது. அதனால் காலை ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் நிலம் கொதிக்கத் தொடங்கும். கடல் காலையில் இருந்தபடியே இருக்கும். நிலத்தின் மேலுள்ள காற்று சூடாகி, இலேசாகி, மேலெழும். அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வரும். இதுதான் கடற்காற்று. பிற்பகலில் உச்சம் தொடும், மாலையில் ஓய்ந்துவிடும். இரவில் நிலம் விரைவாகக் குளிர, ஓட்டம் திரும்பி நிலக்காற்றாகக் கடலை நோக்கிப் போகும். இரவில் வரும் இந்த நிலக்காற்று பகல் காற்றைவிட மெல்லியது. பாய்மர மீனவர்கள் விடியலுக்கு முன் நிலக்காற்றில் கடலுக்குப் போய், பிற்பகல் கடற்காற்றில் கரை திரும்பியது இந்தக் கணக்கை நம்பித்தான்.

மலை இருந்தால் இந்த ஏற்பாடு இன்னும் வலுவாகும். காரணம் கொஞ்சம் நுட்பமானது, ஆனால் பொறுமையாகப் பார்த்தால் புரிந்துவிடும். ஆயிரம் மீட்டர் உயரத்தில் ஒரு மலைச்சரிவு இருக்கிறது. நண்பகலில் அந்தச் சரிவின் தரை சூடாகி, தன்னைத் தொட்டிருக்கும் காற்றையும் சூடாக்குகிறது. அதே ஆயிரம் மீட்டர் உயரத்தில், கடலுக்கு மேலே இருக்கும் காற்றுக்கு அடியில் தரை கிடையாது, அது சூடாவதில்லை. ஒரே உயரத்தில் இரண்டு காற்று, ஒன்று சூடு, ஒன்று குளிர்ச்சி. சூடான காற்று சரிவைத் தொட்டபடியே மேலே நழுவுகிறது, கீழிருந்து அடுத்த காற்றை இழுக்கிறது. கரையில் கடற்காற்று தள்ளுகிறது, மேலே சரிவு இழுக்கிறது. இரண்டும் சேர்ந்துகொள்வதால், மலையுள்ள தீவின் பகல் காற்று தட்டையான தீவில் வீசுவதைவிட உள்ளே வெகுதூரம் ஏறும். இரவில் குளிர்ந்து கனத்த காற்று பள்ளத்தாக்குகள் வழியே தண்ணீர் வடிவதுபோல வடிந்து கரைக்கு வரும்.

பல தீவுகளில் மதியத்துக்குப் பிறகு மலையுச்சியில் ஒரு மேகம் வந்து உட்காருவதைக் காணலாம். அது எங்கிருந்தோ மிதந்துவந்த மேகமல்ல. சரிவெல்லாம் ஏறிவந்த ஈரக்காற்று உச்சியில் சந்தித்துக் குளிர்ந்து உண்டானது. காற்று அதன் ஊடாக ஓடிக்கொண்டே இருக்கும். மேகம் மட்டும் அசையாது. ஒரு முனையில் புதிதாக உண்டாகிக்கொண்டும், மறு முனையில் கரைந்துகொண்டும் இருப்பதால்தான் அது நின்றதுபோல் தெரிகிறது.

மேலே ஏறுவதா, சுற்றிப் போவதா?

இப்போது பெருங்காற்று வருகிறது. வெப்பமண்டலத்தில் அது பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஒரே திசையில் வீசும் வியாபாரக் காற்று: வட அரைக்கோளத்தில் வடகிழக்கிலிருந்து, தென் அரைக்கோளத்தில் தென்கிழக்கிலிருந்து. மற்றொன்று, அரையாண்டுக்கு ஒருமுறை திசை மாறும் பருவக்காற்று. ஹவாய், கரீபியன் தீவுகள், ரியூனியன் முதல் வகையின் ஆட்சியில் இருக்கின்றன, இலங்கை இரண்டாவதில்.

பள்ளிப் பாடப்புத்தகத்தில் மலை ஒரு முக்கோணம். இடப்பக்கமிருந்து வரும் அம்புக்குறி அதன் மேல் ஏறி, மழை பொழிந்து, வலப்பக்கம் இறங்கும். அந்தப் படம் தவறில்லை, ஆனால் பாதி உண்மைதான். அது ஒரு கேள்வியைக் கேட்காமலே விட்டுவிடுகிறது: காற்று ஏன் ஏற வேண்டும்? ஓடையில் கிடக்கும் பெரிய கல்லைத் தண்ணீர் சுற்றிக்கொண்டுதானே போகிறது?

காற்றைக் கொஞ்சம் மேலே தள்ளினால் அது விரிந்து குளிர்கிறது. குளிர்ந்தால் சுற்றியிருக்கும் காற்றைவிடக் கனமாகி, திரும்பக் கீழே இறங்கப் பார்க்கிறது. ஏறுவதற்கு ஆற்றல் வேண்டும். அந்த ஆற்றல் அதன் வேகத்திலிருந்துதான் வர வேண்டும். கடல்மேல் வழக்கமாகக் காணும் காற்றடுக்குக்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு: காற்றின் வேகத்தை நொடிக்கு இத்தனை மீட்டர் என்று எடுத்து நூறால் பெருக்கினால், அது ஏறக்கூடிய உயரம் மீட்டரில் கிடைக்கும். மணிக்கு 30 கி.மீ. என்றால் நொடிக்குச் சுமார் 8 மீட்டர். ஆக அந்தக் காற்றால் ஏறக்கூடியது சுமார் 800 மீட்டர். 500 மீட்டர்க் குன்றானால் மேலேறித் தாண்டிவிடும். 4000 மீட்டர் மலையானால் முடியாது. கீழே வரும் காற்று இரண்டாகப் பிரிந்து, மலையைச் சுற்றிக்கொண்டு போகும். இந்த ஒப்பீட்டை அளக்கும் எண்ணுக்கு ஃப்ரூட் எண் என்று பெயர். வில்லியம் ஃப்ரூட் 19-ஆம் நூற்றாண்டில் கப்பல்களைப் பற்றி ஆராய்ந்த பொறியாளர். அவர் பெயர் இன்று மலைக்காற்றுக்கும் உதவுகிறது. இந்த நூறு மடங்குக் கணக்கை நினைவில் வைத்திருங்கள். புயல் வரும்போது மீண்டும் தேவைப்படும்.

ஹவாயின் பெரிய தீவில் மௌனா கேயா 4207 மீட்டர் உயரம். வியாபாரக் காற்றால் அதைத் தாண்ட முடிவதில்லை. அதோடு, அங்கே சுமார் 2000 மீட்டர் உயரத்தில் ஒரு மூடியும் இருக்கிறது: மேலிருந்து மெதுவாக இறங்கும் காற்று சூடாகி, கீழே இருக்கும் குளிர்ந்த ஈரக்காற்றின் மேல் பானைக்கு மூடி போட்டதுபோல் உட்கார்ந்துகொள்கிறது. உயரம் போகப் போகக் குளிர வேண்டிய காற்று அந்த அடுக்கில் மட்டும் சூடாவதால் இதைத் தலைகீழ் வெப்ப அடுக்கு என்கிறார்கள். மேகங்கள் அந்த மூடியில் முட்டி நின்றுவிடும். மலையுச்சியில் நின்றால் காலடியில் வெண்மேகக் கடல், தலைக்கு மேல் தெளிந்த வானம். உலகின் பெரிய தொலைநோக்கிகள் பல அங்கே வைக்கப்பட்டிருப்பதற்கு இந்த மூடியும் ஒரு காரணம்.

பிரிந்து போகும் காற்று தீவின் முனைகளில் நெருக்கப்படுகிறது. குழாயின் வாயை விரலால் பாதி மூடினால் தண்ணீர் பீய்ச்சி அடிக்குமே, அப்படி. அதனால் தீவின் முனைகளிலும், இரண்டு மலைத்தீவுகளுக்கு இடைப்பட்ட கால்வாய்களிலும் காற்று சுற்றுப்புறத்தைவிட மிக வேகமாக ஓடும். ஹவாயின் பெரிய தீவுக்கும் மவுயி தீவுக்கும் நடுவிலுள்ள அலெனுய்ஹாஹா கால்வாய் இதனாலேயே படகோட்டிகளிடம் கெட்ட பெயர் வாங்கியிருக்கிறது. இரு பக்கமும் ஓங்கிய மலைகள், நடுவில் புகுந்து போக ஒரே வழி.

மலைக்குப் பின்னால் காற்று தேங்குகிறது. ஓடைக் கல்லின் பின்புறம் சருகு சுழன்றுகொண்டே நிற்குமே, அதேபோல் சுழல்கள் உண்டாகி, ஒன்று இடப்புறம் ஒன்று வலப்புறம் என மாறி மாறிக் கழன்று போகும். செயற்கைக்கோள் படங்களில் சில தீவுகளுக்குப் பின்னால் மேகத்தில் கோலம் போட்டதுபோல் இந்தச் சுழல் வரிசையைக் காணலாம். காற்றோட்டத்தை ஆராய்ந்த அறிஞர் தியடோர் வான் கார்மன் பெயரால் இது கார்மன் சுழல் வரிசை என்று அழைக்கப்படுகிறது. ஹவாய்த் தீவுகளின் காற்று நிழல் இன்னும் வியப்பானது. அது மேற்கே சுமார் 3000 கி.மீ. வரை பசிபிக் பெருங்கடலில் நீள்வதைச் செயற்கைக்கோள் அளவீடுகள் காட்டியிருக்கின்றன. கடலில் சில புள்ளிகளாகத் தெரியும் தீவுகள், அத்தனை தூரத்துக்குக் காற்றையும் கடலோட்டத்தையும் மாற்றிவைக்கின்றன.

ஈரமான தோள், காய்ந்த தோள்

ஏறுகிற காற்று என்ன ஆகிறது என்பதை ஒரு கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். கரையில் 28 டிகிரி வெப்பத்தில் ஈரக்காற்று. முன்னால் 2000 மீட்டர் மலை. அதை ஏறித் தாண்டும் அளவுக்குக் காற்றுக்கு வேகம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மேகம் உண்டாகும் வரை ஒவ்வொரு 100 மீட்டருக்கும் காற்று ஏறத்தாழ 1 டிகிரி குளிரும். 600 மீட்டரில் மேகம் தொடங்குகிறது என்றால் அங்கே 22 டிகிரி. அதற்கு மேல் நீராவி துளிகளாக மாறும்போது, தனக்குள் ஒளித்துவைத்திருந்த வெப்பத்தை வெளியிடுகிறது. அதனால் குளிரும் வேகம் பாதியாகி, 100 மீட்டருக்குச் சுமார் அரை டிகிரிதான். மீதமுள்ள 1400 மீட்டருக்கு 7 டிகிரி குறைந்து, உச்சியில் 15 டிகிரி. துளிகளெல்லாம் மழையாக அந்தப் பக்கமே விழுந்துவிட்டன. இப்போது மறுபக்கம் இறங்குகிறது. ஆவியாக்குவதற்குத் துளி எதுவும் மிச்சமில்லை. ஆகவே இறக்கம் முழுவதும் 100 மீட்டருக்கு 1 டிகிரி சூடாகும். 2000 மீட்டருக்கு 20 டிகிரி. கரையைத் தொடும்போது 35 டிகிரி.

அதே காற்றுதான். கடல்மட்டத்தில் புறப்பட்டுக் கடல்மட்டத்துக்கே வந்தது. நடுவில் ஒரு மலையைத் தாண்டியதில் 7 டிகிரி கூடியிருக்கிறது, ஈரம் போய்விட்டது. எனக்கு வானிலை அறிவியலில் மிகவும் பிடித்த கணக்கு இது.

இப்படி மலையிறங்கி வரும் சூடான வறண்ட காற்றுக்கு ஆல்ப்ஸ் மலைப் பகுதியில் வழங்கும் சொல்லைக் கொண்டு ஃபான் காற்று என்று பெயர். தமிழுக்கு இதில் சொந்தச் சொல்லே இருக்கிறது. இலங்கையில் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, மலையிறங்கி, மட்டக்களப்புப் பக்கம் அனலாக வருகிறது. அங்குள்ள மக்கள் அதைக் கச்சான் என்கிறார்கள். மேற்குச் சரிவில் ஆடை காயாத அதே நாட்களில், கிழக்குச் சமவெளியில் புல் கருகும். 2524 மீட்டர் உயரமுள்ள பீதுருதாலகால மலையும், அதைச் சுற்றிய மலைநாடும் நடுவில் நிற்பதன் விளைவு இது. மார்கழியில் வடகிழக்கிலிருந்து காற்று வரும்போது நிலைமை புரள்கிறது: கிழக்குக் கரைக்கு மழை, மேற்குக்கு ஓய்வு. ஒரே மலை, இரண்டு பருவத்தில் இரண்டு மறைவு.

ஹவாயில் திசை மாறுவது அரிது என்பதால் வேறுபாடு நிலையாகவே உறைந்துவிட்டது. பெரிய தீவின் கிழக்குக் கரையிலுள்ள ஹிலோவில் ஆண்டுக்கு 3000 மி.மீ.க்கு மேல் மழை. வடமேற்கே, நேர்கோட்டில் 90 கி.மீ.க்குள் இருக்கும் கவாய்ஹாயில் சுமார் 250 மி.மீ. அங்கே கரும்பாறையும் காய்ந்த புல்லும்தான்.

ஆனால் மறைவுப் பக்கமெல்லாம் வறட்சி என்று முடிவுகட்டிவிட வேண்டாம். அதே தீவின் மேற்குச் சரிவிலுள்ள கோனா, பெருமலைகளின் நிழலில் இருக்கிறது. பெருங்காற்று அங்கே எட்டாது. எட்டாததாலேயே வெயில் உண்டாக்கும் கடற்காற்றும் சரிவுக்காற்றும் தடையில்லாமல் வேலை செய்கின்றன. பகலில் கடலிலிருந்து ஏறிவரும் ஈரக்காற்று பிற்பகலில் சரிவில் மழையாகிறது. கோனாவில் காப்பி விளைவது இந்தப் பிற்பகல் மேகத்தாலும் மழையாலும்தான். கட்டுரையின் தொடக்கத்தில், காற்று எதிர்த்திசையில் வருகிறது என்ற மேற்குச் சரிவுக்காரர் இப்படிப்பட்ட இடத்தில் இருப்பவர். ஹிலோவிலோ இரவில் மலையிலிருந்து வடியும் குளிர்காற்று, எதிரே வரும் வியாபாரக் காற்றோடு கரையருகில் மோதுகிறது. அங்கே இரவிலும் விடியலிலும் மழை அதிகம் என்பதற்கு அந்த மோதல் ஒரு காரணம்.

புயல் வந்தால்

வெப்பமண்டலப் புயல் என்பது ஒரு தாழ்வழுத்த மையத்தைச் சுற்றி ஓடும் காற்று. வட அரைக்கோளத்தில் கடிகார முள்ளுக்கு எதிராகவும், தெற்கில் கடிகார முள்ளின் போக்கிலும் சுழலும். வழக்கமான காற்றுக்கு ஒரே திசை. புயல் காற்றுக்கோ மையம் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்துத் திசை. மையம் நகர நகர, ஒரே ஊரில் சில மணி நேரத்துக்குள் காற்று அரைவட்டம் அடித்துவிடும்.

வட அரைக்கோளத்தில் ஒரு தீவு. புயல் கிழக்கிலிருந்து மேற்காகப் போகிறது. மையம் தீவுக்குத் தெற்கே கடந்தால், காற்று முதலில் வடகிழக்கிலிருந்தும், பிறகு கிழக்கிலிருந்தும், முடிவில் தென்கிழக்கிலிருந்தும் வரும். வியாபாரக் காற்று வழக்கமாக அடிக்கும் பக்கமே இப்போதும் அடிவாங்கும். மையம் வடக்கே கடந்தால் கதை வேறு. காற்று வடக்கில் தொடங்கி, வடமேற்கு, மேற்கு, தென்மேற்கு என்று சுற்றும். ஆண்டெல்லாம் மலைக்குப் பின்னால் ஒதுங்கியிருந்த மேற்குக் கரை திறந்த மார்போடு நிற்கும். அந்தக் கரையில் மரங்கள் பலத்த காற்றைப் பழகி வளர்ந்தவை அல்ல. துறைமுகங்கள் அமைதியான நீரை நம்பி அமைந்தவை. "இந்தப் பக்கம் புயல் வராது" என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த ஊரில் வரும் மேற்குக் காற்றைத்தான் நான் மிகவும் அஞ்சுவேன்.

இப்போது அந்த நூறு மடங்குக் கணக்குக்கு வருவோம். புயலில் காற்று மணிக்கு 100 கி.மீ. என்றால் நொடிக்கு ஏறத்தாழ 28 மீட்டர். ஏறக்கூடிய உயரம் 2800 மீட்டர். அன்றாடக் காற்று சுற்றிக்கொண்டு போகும் 2000 மீட்டர் மலையைப் புயல் காற்று ஏறியே தாண்டிவிடும். அதோடு, புயலின் காற்றில் ஈரம் நிறைந்திருப்பதால், ஏறும்போது வெளிவரும் வெப்பம் அதை மேலும் மேலே தூக்கும். ஆக, மெல்லிய காற்றில் மலை சுவர். புயலில் அது வெறும் மேடு.

மேடு செய்யும் வேலை அடுத்தது. முகட்டின் மேல் காற்று நெருக்கப்பட்டு வேகம் கூடும். செங்குத்தான முகடுகளில் ஒன்றரை மடங்குக்கும் மேல் கூடுவதுண்டு. காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் ஒன்றரை மடங்கானால் சுவரின் மீதான தள்ளு இரண்டேகால் மடங்கு. மேலும், புயலில் மிகப் பலத்த காற்று கடல்மட்டத்தில் இல்லை. உராய்வு குறைந்த சில நூறு மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. மலைத்தோளில் கட்டிய வீடு அந்த உயரத்துக்கே தானாகப் போய் நிற்கிறது. கடற்கரை மக்கள் பொங்கும் கடலுக்கு அஞ்சி மேட்டுக்குப் போவது சரிதான். ஆனால் முகட்டின் விளிம்பில் தங்குவது காற்றுக்குக் கழுத்தை நீட்டுவதாகும்.

பள்ளத்தாக்குகள் எப்படி? காற்றின் திசைக்குக் குறுக்கே கிடக்கும் பள்ளத்தாக்கு ஓரளவு அடைக்கலம் தரும். திசையோடு ஒத்துக் கிடப்பது குழாயாக மாறும். புயல் திசை மாறும்போது, முதல் மூன்று மணி நேரம் அடைக்கலமாக இருந்த பள்ளத்தாக்கு அடுத்த மூன்று மணி நேரத்தில் குழாயாகிவிடலாம். 1992 செப்டம்பர் 11-ல் இனிக்கி புயல் ஹவாயின் கவாயி தீவைத் தாக்கியபோது சேதம் ஒரே சீராக இல்லை. ஒரு வரிசை வீடுகள் தரைமட்டம், அருகிலேயே சில வீடுகள் தப்பியிருந்தன. மலைகளும் பள்ளத்தாக்குகளும் காற்றைக் கிழித்துப் பங்கிடும் விதம் அப்படி.

மறைவுப் பக்கத்துக்கு இன்னொரு ஆபத்து உண்டு. இது புயல் கரையைத் தொடாமலும் வரக்கூடியது. பலத்த காற்று மலையைத் தாண்டும்போது மேலே மூடி போன்ற நிலையான அடுக்கு இருந்தால், காற்று அணைக்கட்டின் மதகிலிருந்து வழியும் வெள்ளம்போல் மெலிந்து, வேகமெடுத்து, மறுபக்கச் சரிவில் பாயும். மதகின் அடியில் வெள்ளம் திடீரென்று கொந்தளித்துத் துள்ளும் இடம் ஒன்று இருக்குமே, அதைப்போல மலையடியிலும் ஓரிடத்தில் காற்று தாறுமாறாக எழும்பும். மலையிலிருந்து அந்த இடம் வரை சூறைக்காற்று. அதைத் தாண்டிக் கடலுக்குள் போனால் ஒன்றும் இருக்காது.

மவுயி தீவின் லஹைனா அப்படி மறைவில் இருந்த நகரம். 2023 ஆகஸ்ட் 8 அன்று தீவுக்கு வடக்கே வலுவான உயர் அழுத்தம். தெற்கே வெகு தொலைவில் டோரா புயல் கடந்துகொண்டிருந்தது. வடக்கில் உயர்வும் தெற்கில் தாழ்வும் இருந்ததால் நடுவே வியாபாரக் காற்று கடுமையானது. டோராவின் பங்கு எவ்வளவு என்பதில் ஆய்வாளர்களிடையே விவாதம் உண்டு. பெரும்பங்கு வடக்கிலிருந்த உயர் அழுத்தத்துடையது என்பதே பலரின் கருத்து. மேற்கு மவுயி மலைகளைத் தாண்டி இறங்கிய காற்று, காய்ந்த புல்வெளிகளின் வழியாக நகரத்தின் மேல் பாய்ந்தது. தீ கடற்கரை வரை ஓடியது. சுமார் 100 பேர் இறந்தார்கள். அன்று லஹைனாவில் மழையில்லை, புயல் வரவுமில்லை. மலை பின்னால் நின்றுகொண்டுதான் இருந்தது.

மலை புயலை என்ன செய்கிறது?

மலை சும்மா நிற்பதில்லை. அதுவும் புயலை உலுக்கும். புயலின் சுழற்சி கடல்நீரின் வெப்பத்தைத் தின்று வாழ்வது. உயர்ந்த, அகன்ற மலைத்தீவின் மேல் ஏறினால் கீழ்ப்பகுதி கிழிந்து, மேலும் கீழும் பிரிந்துவிடும். டொமினிக்கன் குடியரசும் ஹெய்ட்டியும் பங்கிட்டுக்கொள்ளும் கரீபியத் தீவான ஹிஸ்பானியோலாவில் 3000 மீட்டரைத் தாண்டும் பிக்கோ டுவார்டே சிகரம் இருக்கிறது. 1979 ஆகஸ்ட் 31-ல் மிகக் கடுமையான ஐந்தாம் நிலைப் புயலாகக் கரையேறிய டேவிட், அந்த மலைகளைக் கடந்ததும் பெரிதும் தளர்ந்தது. ஆனால் அந்தத் தளர்ச்சிக்கு விலையாக டொமினிக்கன் குடியரசு பெரும் உயிரிழப்பைச் சந்தித்தது. சிறிய தீவால் இதைச் செய்ய முடியாது. 2017 செப்டம்பரில் டொமினிக்கா தீவை நசுக்கிய மரியா சற்றே தளர்ந்து, கடலுக்கு வந்தவுடன் மீண்டும் வலுப்பெற்றுப் போர்ட்டோ ரிக்கோவுக்குப் போனது.

தைவானின் நடுமலைத்தொடர் தெற்கு வடக்காக நீண்ட சுவர். யூஷான் சிகரம் 3952 மீட்டர். கிழக்கிலிருந்து வரும் புயல் கரையை நெருங்கும்போது அதன் காற்று மலைக்கும் மையத்துக்கும் இடையே நெருக்கப்பட, புயலின் பாதையே வளைந்துவிடுகிறது. சில வேளைகளில் கரையருகில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு உள்ளே வரும். மையம் கரையேறும் முன்பே மலைக்கு அப்பால் இன்னொரு சிறு தாழ்வழுத்தம் முளைப்பதும் உண்டு. அதனால் கரையேறும் இடத்தை முன்கூட்டிச் சொல்வது அங்கே கடினமான வேலை.

காற்றைவிட மழைதான் இங்கே கொடியது. புயல் தன் வேகத்தால் ஈரக்காற்றை மலையின் மீது அறைந்துகொண்டே இருக்கும். மலை நகராது, ஆகவே மழையும் நகராது. 2009 ஆகஸ்டில் மொராகாட் புயல் தைவானைக் கடந்து மெதுவாக வடக்கே போனபோது, தென்மேற்குப் பருவக்காற்றைத் தன்னோடு இழுத்துத் தெற்கு மலைகளின் மேல் ஏற்றியது. ஆலிஷானில் சில நாட்களில் 2700 மி.மீ.க்கு மேல் மழை. மலைச்சரிவு சரிந்து சியாவோலின் கிராமத்தை மூடியது. இந்தியப் பெருங்கடலில் ரியூனியன் தீவு சிறியதுதான், ஆனால் 3000 மீட்டருக்கு மேல் செங்குத்தாக எழுகிறது. 1966 ஜனவரியில் டெனிஸ் புயலின்போது அங்கே ஃபாக்-ஃபாக் என்ற இடத்தில் 24 மணி நேரத்தில் 1825 மி.மீ. மழை பதிவானது. ஒரு நாள் மழையில் உலகச் சாதனை இன்றும் அதுவே. ஆளுயரத் தண்ணீர், ஒரே நாளில், ஒரே சரிவில்.

காற்றைப் படிக்க ஒரு வழி

1857-ல் டச்சு அறிவியலாளர் பைஸ் பேலட் சொன்ன விதி இன்றும் செல்லுபடியாகிறது: வட அரைக்கோளத்தில் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால், தாழ்வழுத்த மையம் உங்கள் இடப்பக்கம், தென் அரைக்கோளத்தில் வலப்பக்கம். வட அரைக்கோளத்தில் மேற்கு நோக்கிப் போகும் புயலின்போது, காற்று வடகிழக்கு, கிழக்கு, தென்கிழக்கு என்று கடிகாரப் போக்கில் திரும்பினால் மையம் தெற்கே கடக்கிறது. வடக்கு, வடமேற்கு, மேற்கு என்று எதிர்ப்போக்கில் திரும்பினால் வடக்கே கடக்கிறது. திசை மாறாமலே காற்று ஏறிக்கொண்டே போனால் மையம் நேராக உங்களை நோக்கி வருகிறது. அப்போது திடீரென்று காற்று அடங்கினால் அது புயலின் கண். சில நிமிடங்களோ ஒரு மணி நேரமோ கழித்து எதிர்த்திசையிலிருந்து முழு வேகத்தில் திரும்ப வரும். உங்கள் வீட்டுக்கு எந்தப் பக்கம் இதுவரை மறைவாக இருந்ததோ அந்தப் பக்கத்து ஜன்னலை அதற்குள் அடைத்துவிட வேண்டும்.

இந்தத் திசையைப் பார்க்கும்போது மட்டும் முற்றத்து மரத்தை நம்பாதீர்கள். பள்ளத்தாக்கிலிருக்கும் மரம், பள்ளத்தாக்கு திருப்பிவிட்ட காற்றில் ஆடும். தலைக்கு மேல், முகடுகளைத் தாண்டி ஓடும் தாழ்ந்த மேகத் துணுக்குகளைப் பாருங்கள். மலை கைவைக்காத காற்று எங்கிருந்து வருகிறது என்பதை அவைதான் காட்டும்.